கடல் வணிகத்திற் கட்டணப் போர்: சுதேசிக் கப்பற் கம்பனியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

வணிகத்திலே போட்டி நன்மை பயப்பது என்பது பொருளியலாளர் பொதுவாக ஒப்புக்கொண்ட கொள்கையாகும். விற்போர் பலராயின் விலை குறையும். விலை குறையின் வாங்குவோர் பயனடைவர். ஆயினும் இக்கொள்கை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. போட்டியிடுவோர் ஆற்றலால் ஓரளவாவது ஒத்தவராய் இருத்தல் வேண்டும். ஒருபுறம் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களும், அரசாங்கத்தின் அஞ்சல் ஒப்பந்தமும், உலகெங்கும் கிளைகளும் உடைய ஒரு நிறுவனமும், மறுபுறம் இரண்டே கப்பல்களை உடைய ஒரு நிறுவனமும் நிற்குமாயின், அங்கு நிகழ்வது போட்டியா, அன்றிப் போட்டியை ஒழிக்கும் முயற்சியா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காண்பதற்குத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 1906 ஆம் ஆண்டு முதல் 1911 ஆம் ஆண்டு வரை நடந்த கடல் வணிகப் போராட்டம் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். வ. உ. சிதம்பரம்பிள்ளையின் பெயரோடு இணைந்த இப்போராட்டம் தேசிய இயக்கத்தின் வீரக் கதையாகவே பெரும்பாலும் பேசப்பட்டு வருகின்றது. அது பொருளியல் வரலாற்றின் ஓர் அத்தியாயமுமாகும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீராவிக் கப்பலும் ஏகபோகமும்

பாய்மரக் கப்பல்கள் கடலில் ஆட்சி செலுத்திய காலத்திற் சோழமண்டலக் கரையிலும் வட இலங்கைக் கரையிலும் வாழ்ந்த மக்கள் தாமே கப்பல் கட்டித் தாமே கப்பலோட்டினர். நாகபட்டினம், வல்வெட்டித்துறை முதலிய துறைகளிலிருந்து தோணிகளும் பாய்க்கப்பல்களும் புறப்பட்டு, வங்காள விரிகுடாவைக் கடந்து பர்மாவிலிருந்து நெல்லும் அரிசியும் தேக்கும் ஏற்றி வந்தன. அக்கப்பல்களைக் கட்டுவதற்கு வேண்டிய முதல் ஒரு குடும்பத்தின் கையிலோ சில குடும்பங்களின் கூட்டிலோ அடங்கியது. நீராவிக் கப்பல் வந்தபின் நிலைமை மாறியது. இரும்பினாலும் உருக்கினாலும் ஆன கப்பலை இங்கிலாந்தின் துறைகளிலே கட்டுவித்து, நிலக்கரி நிலையங்களை அமைத்து, குறித்த நாளிற் குறித்த துறையை அடையுமாறு நடத்துவதற்குப் பெருமுதல் தேவைப்பட்டது. எனவே கடல் வணிகம் பல குடும்பங்களின் கையிலிருந்து சில கம்பனிகளின் கைக்கு மாறியது.

அவ்வாறு எழுந்த கம்பனிகளுள் கீழைக் கடலில் முதன்மை பெற்றது பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனியாகும். வில்லியம் மக்கினன் என்னும் ஸ்கொத்லாந்து வணிகர் 1856 ஆம் ஆண்டிற் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே அஞ்சல் கொண்டுசெல்லும் ஒப்பந்தத்தைப் பெற்றுத் தொடங்கிய கம்பனி, 1862 ஆம் ஆண்டில் இப்புதிய பெயரைச் சூடிக்கொண்டது. அஞ்சலைக் கொண்டு செல்வதற்காக அரசாங்கம் அளித்த உதவிப்பணம் அதன் வருவாய்க்கு உறுதியானதோர் அடிப்படையாயிற்று. சரக்கும் பிரயாணிகளும் குறைந்த காலத்திலும் அவ்வுதவிப்பணம் நின்றதில்லை. 1869 ஆம் ஆண்டிற் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் அக்கம்பனி மேலும் வளர்ந்தது. 1914 ஆம் ஆண்டிற் பெனின்சுலர் அன்ட் ஓரியன்ரல் கம்பனியோடு இணைந்தபோது அதனிடம் ஏறக்குறைய 130 கப்பல்கள் இருந்தன. இரங்கூன் தொடங்கிக் கிழக்காபிரிக்கா வரையும் அதன் கப்பல்கள் செல்லாத பெருந்துறை இல்லை எனலாம்.

இக்காலத்திலே கப்பற் கம்பனிகள் தமக்குள் உடன்படிக்கை செய்து, கட்டணத்தை ஒன்றாக வகுத்து, புதியவர் எவரும் நுழையாதபடி வழித்தடங்களைக் காத்துக்கொள்ளும் வழக்கமும் தோன்றியது. 1875 ஆம் ஆண்டிற் கல்கத்தா வணிகத்தில் ஏற்பட்ட உடன்படிக்கை இவ்வகையில் முன்னோடியாகும். இதற்குத் துணையாக அவர்கள் கண்டுபிடித்த கருவி, பிற்போடப்பட்ட கழிவு முறையாகும். சரக்கேற்றும் வணிகர் ஒருவர் தாம் கொடுத்த கட்டணத்தில் ஒரு பகுதியைப் பின்னர்த் திரும்பப் பெறுவார். ஆனால் உடனடியாக அன்று. குறித்த சில மாதங்கள் முழுவதும் அவர் தம் சரக்கனைத்தையும் உடன்படிக்கைக் கம்பனிகளின் கப்பல்களிலேயே ஏற்றியிருத்தல் வேண்டும். அதன்பின் மேலும் சில மாதங்கள் அவ்வாறே நடத்தல் வேண்டும். இடையில் ஒரு மூடையேனும் வேற்றுக் கப்பலில் ஏற்றியது தெரியின் அதுவரை சேர்ந்த கழிவு முழுவதும் பறிபோகும். ஆகவே வணிகரின் பணமே வணிகரைக் கட்டும் கயிறாயிற்று. புதிய கம்பனி எத்துணை குறைந்த கட்டணத்திற் சரக்கேற்ற முன்வந்தாலும், சேர்ந்து கிடக்கும் கழிவை இழக்கத் துணிவோர் சிலரே.

மொகல் வழக்கு

இத்தகைய செயல்கள் சட்டத்துக்கு உடன்பாடானவையா என்னும் வினா இங்கிலாந்தின் நீதிமன்றங்களிலே ஆராயப்பட்டது. சீனத்தின் ஹாங்கௌ துறையிலிருந்து இங்கிலாந்துக்குத் தேயிலை கொண்டுசெல்லும் வணிகத்தைச் சில கம்பனிகள் தமக்குள் உடன்படிக்கையாற் பங்கிட்டிருந்தன. அவ்வுடன்படிக்கையிற் சேர்க்கப்படாத மொகல் கப்பற் கம்பனி 1885 ஆம் ஆண்டிலே தன் கப்பல்களை அத்துறைக்கு அனுப்பியது. உடனே உடன்படிக்கைக் கம்பனிகளும் தம் கப்பல்களை அங்கு அனுப்பி, இலாபம் சிறிதும் கிடையாத அளவுக்குக் கட்டணத்தைக் குறைத்தன. மொகல் கம்பனியின் சரக்கைக் கையேற்கும் முகவர்களை நீக்குவதாகவும் எச்சரித்தன. நட்டமடைந்த மொகல் கம்பனி வழக்குத் தொடுத்தது.

வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 1889 ஆம் ஆண்டில் விசாரிக்கப்பட்டபோது நீதியரசர் போவன், போட்டியில் நியாயமான எல்லை இன்னதென வரையறுப்பது நீதிபதிகளின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்னும் கருத்தை வெளியிட்டார். எஷர் பிரபு மட்டும் மாறுபட்டார். ஒருவனை வணிகத்தினின்று துரத்துவதற்காகவே கட்டணத்தை அளவிறந்து குறைத்தல் வணிகத்தின் இயல்பான நெறியன்று என்பது அவர் முடிபு. 1891 ஆம் ஆண்டு டிசம்பரிற் பிரபுக்கள் சபை பெரும்பான்மையினரின் தீர்ப்பையே உறுதி செய்தது. வன்முறையோ வஞ்சனையோ இல்லாதவிடத்து, தம் வணிகத்தைப் பேணும் நோக்குடன் கட்டணத்தைக் குறைத்தல் குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பின் விளைவு பெரிது. பெரிய கம்பனிகள் சிறிய கம்பனிகளைக் கட்டணக் குறைப்பினால் நசுக்குதற்கு எதிராக ஆங்கிலச் சட்டத்தில் இடமில்லை என்பது தெளிவாயிற்று. ஆங்கிலச் சட்டத்தின் நிழலிலே வாழ்ந்த இந்தியாவிலும் இலங்கையிலும் நிலைமை வேறாக இருத்தல் இயலாது. தூத்துக்குடியில் நடந்தவற்றை ஆராய்வோர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

வங்கத்திலும் பம்பாயிலும் நடந்தவை

தூத்துக்குடிக்கு முன்னரே வங்கத்திலும் பம்பாயிலும் இத்தகைய போர்கள் நிகழ்ந்தன. கவி இரவீந்திரநாத தாகூரின் தமையனார் சோதிரிந்திரநாதர் 1884 ஆம் ஆண்டிற் 'சரோஜினி' என்னும் கப்பலைக் கொண்டு குல்னாவுக்கும் பரிசாலுக்கும் இடையே ஆற்றுவழிப் போக்குவரத்தைத் தொடங்கினார். ஆங்கிலேயரின் புளொட்டில்லா கம்பனி எதிர்த்து நின்றது. கட்டணம் குறைந்துகொண்டே சென்றது. சுதேச உணர்ச்சி மிக்க இளைஞர்கள் கரையில் நின்று பிரயாணிகளைச் சோதிரிந்திரநாதரின் கப்பலுக்கு அழைத்தனர், கூட்டம் பெருகியது, ஆனால் வருவாய் பெருகவில்லை. பிரயாணிகள் கட்டணமின்றிச் சென்றதோடு சிற்றுண்டியும் பெற்றதைத் தாகூர் தம் வாழ்க்கை நினைவுகளில் நகையும் துயரும் கலந்து எழுதியுள்ளார். ஈற்றில் அவருடைய கப்பல்களுள் ஒன்று ஹௌரா பாலத்தில் மோதி மூழ்க, முயற்சி முடிவெய்தியது.

பம்பாயிற் போராடியவர் ஜம்சேட்ஜி தாதா. பம்பாயிலிருந்து சீனத்துக்கும் யப்பானுக்கும் செல்லும் பஞ்சு, நூல் ஆகியவற்றின் கட்டணத்தைப் பெனின்சுலர் அன்ட் ஓரியன்ரல் கம்பனியும் அதன் கூட்டாளிகளும் தம் விருப்பப்படி வகுத்தனர். 1893 ஆம் ஆண்டில் தாதா யப்பான் சென்று, நிப்பன் யூசன் கைசா என்னும் யப்பானியக் கம்பனியோடு உடன்படிக்கை செய்து, கப்பல்களை அமர்த்திப் போட்டியிட்டார். தொன் ஒன்றுக்குப் பதினேழு ரூபா அளவில் இருந்த கட்டணத்தை ஆங்கிலக் கம்பனி ஒன்றரை ரூபாவுக்கு இறக்கியது. குறைந்த கட்டணத்தைக் கண்டு வணிகர்கள் தாதாவைக் கைவிட்டனர். அவர் விலகியபின் கட்டணம் மீண்டும் ஏறியது. கைவிட்ட வணிகர்களே ஏறிய கட்டணத்தைச் செலுத்தினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே பாடத்தைப் புகட்டுவன. கட்டணப் போரிற் பெரிய கம்பனி கொடுக்கும் சலுகை கொடையன்று, அது கடன். போட்டியாளன் வீழ்ந்தபின் வட்டியோடு அது திரும்ப அறவிடப்படும்.

தூத்துக்குடியில் எழுந்த கம்பனி

தூத்துக்குடித் துறை அக்காலத்தில் ஆழங்குறைந்தது. பெருங்கப்பல்கள் கரைக்குப் பல மைல் தொலைவிலே நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் பிரயாணிகளும் படகுகளிற் சென்று ஏறுவர். ஆயினும் இலங்கையின் வாணிகத்துக்கு அது இன்றியமையாத வாயிலாக விளங்கியது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான கப்பற் போக்குவரத்து 1914 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அதற்கு முன் தென்னிந்தியாவிலிருந்து கொழும்புக்கு வருவோர் பெரும்பாலும் தூத்துக்குடி வழியாகவே வந்தனர். அரிசியும் மிளகாயும் வெங்காயமும் பிறவும் அவ்வழியே வந்தன. கொழும்பில் வாணிகம் செய்த செட்டிமாரும், மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரும் அவ்வழியே பிரயாணம் செய்தனர். இவ்வழி முழுவதும் பிரித்தானிய இந்தியக் கம்பனியின் கையில் இருந்தது. தூத்துக்குடியில் அதன் முகவராக விளங்கியவர்கள் ஹார்வி நிறுவனத்தார். நூலாலையை நடத்தியவர்களும் அவர்களே. ஆகவே அந்நகரின் தொழில், துறைமுகம் இரண்டும் ஒரே கூட்டத்தாரின் ஆதிக்கத்தில் இருந்தன.

ஒட்டப்பிடாரத்தில் 1872 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி பிறந்த சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி வந்தார். வங்கப் பிரிவினையை ஒட்டி 1905 ஆம் ஆண்டில் எழுந்த சுதேசி இயக்கம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அந்நியத் துணியை விலக்குதல் சுதேசியத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று; பொருளைச் சுமந்து செல்லும் கப்பலும் நம்முடையதாதல் வேண்டும் என்று அவர் கருதினார். 1906 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திற் சுதேசி நீராவிக் கப்பற் கம்பனி பதிவு செய்யப்பட்டது. அதன் முதல் பத்து இலட்சம் ரூபா. அது பங்கொன்றுக்கு 25 ரூபாவாக 40,000 பங்குகளாக வகுக்கப்பட்டது. ஆசிய நாட்டினர் எவரும் பங்கு கொள்ளலாம் என்பது விதி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் இரண்டு இலட்சம் ரூபாவுக்கு 8,000 பங்குகளை வாங்கிச் செயலாளரானார். சிதம்பரம்பிள்ளை துணைச் செயலாளராகப் பணிபுரிந்தார். சைவரும் முஸ்லிம்களும் நிலப்பிரபுக்களும் வணிகரும் வழக்கறிஞரும் ஒரு தொழிலில் இணைந்தமை அக்காலத்திற் புதுமையாகும்.

பங்கின் விலை 25 ரூபா என வகுத்ததிற் கருத்துண்டு. பெருஞ் செல்வரிடம் மட்டுமன்றி, சிறு வணிகரிடமும் உத்தியோகத்தரிடமும் பங்கு சேர்ப்பதே நோக்கம். இதனாற் கம்பனி மக்கள் கம்பனி என்னும் பெயரைப் பெற்றது. ஆனால் சிறு பங்காளிகள் பலரைக் கொண்ட கம்பனிக்கு, நட்டம் நேரும் காலத்தில் மேலும் முதல் திரட்டுதல் அரிது என்பதையும் பின்னர் நிகழ்ந்தவை காட்டின.

தொடக்கத்திற் கம்பனிக்குச் சொந்தக் கப்பல் இருக்கவில்லை. பம்பாயின் ஷா கம்பனியிடம் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி ஓட்டினர். பிரித்தானிய இந்தியக் கம்பனி முதலில் தாக்கியது இவ்விடத்தையே. அதன் நெருக்குதலால் ஷா கம்பனியார் கப்பல்களைத் திருப்பிக்கொண்டனர். போட்டியாளனை நேரே எதிர்ப்பதற்கு முன் அவனுக்குப் பொருள் வழங்குவோனை அச்சுறுத்தி விலக்குதல் பெருங் கம்பனிகளின் பழைய உபாயமாகும். மொகல் கம்பனியின் முகவர்களை அச்சுறுத்தியதும் இவ்வகையினதே. போக்குவரத்து அறுந்துபோகாமற் காத்தற்குச் சிதம்பரம்பிள்ளை கொழும்புக்குச் சென்று அங்கு ஒரு கப்பலை வாடகைக்குப் பெற்றார். வாடகைக் கப்பலை நம்பியிருத்தல் இயலாது என்பது தெளிவாயிற்று. சொந்தக் கப்பல் வாங்கும் பொருட்டு அவர் பம்பாய்க்குப் புறப்பட்டார். 1907 ஆம் ஆண்டிற் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடியை அடைந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளையும் ஏறக்குறைய 4,000 மூடைச் சரக்கையும் ஏற்றத்தக்க அக்கப்பல்களின் வரவைப் பாரதியார் ஆசிரியராய் இருந்த 'இந்தியா' பத்திரிகை பெரிதும் போற்றியது.

கட்டணப் போர்

கப்பல்கள் வந்தபின் போர் தொடங்கியது. பிரித்தானிய இந்தியக் கம்பனி பிரயாணிக் கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பனி எட்டணாவாகக் குறைத்தது. அதன்பின் ஆங்கிலக் கம்பனி கட்டணமின்றியே ஏற்றிச் செல்ல முன்வந்தது. ஏறியவர்களுக்குக் குடையும் இலவசமாகக் கொடுத்தது என்பது அக்காலம் முதல் வழங்கிவரும் செய்தி. இத்தனைக்கும் பின் மக்களிற் பலர் சுதேசிக் கப்பலிலேயே பணங்கொடுத்து ஏறினர். வணிகர்களும் தங்கள் சரக்கை அதற்கே கொடுத்தனர். இலவசத்தை மறுத்துக் கட்டணத்தைச் செலுத்தும் மக்களைப் பொருளியல் நூல்கள் எதிர்பார்ப்பதில்லை. தாதாவுக்குக் கிடையாத இவ்வாதரவே சுதேசிக் கம்பனி ஓரிரு ஆண்டுகளேனும் தாக்குப்பிடித்தமைக்குக் காரணம்.

எனினும் கணக்கு உணர்ச்சிக்கு இடங்கொடுப்பதன்று. இரு கம்பனிகளின் நிலையையும் ஒப்பிட்டால் உண்மை புலனாகும். நூறு கப்பல்களை உடைய கம்பனி இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடி வழியிலே நட்டத்தில் ஓட்டுமாயின், அந்நட்டத்தை இரங்கூனிலும் கல்கத்தாவிலும் பாரசீக வளைகுடாவிலும் ஓடும் ஏனைய தொண்ணூற்றெட்டுக் கப்பல்களின் இலாபம் ஈடுசெய்யும். இரண்டே கப்பல்களை உடைய கம்பனிக்கோ தூத்துக்குடி வழியே முழுவாழ்வு. அங்கு ஏற்படும் நட்டத்தை ஈடுசெய்ய வேறு வழியில்லை. ஒரே தொகையை இருவரும் இழப்பினும், ஒருவர்க்கு அஃது இலாபத்திற் சிறு குறைவு. மற்றவர்க்கு முதலின் அழிவு. மேலும் நிலக்கரி, மாலுமிகளின் சம்பளம், கப்பல் வாங்கிய கடனுக்கு வட்டி ஆகியவை கட்டணம் குறைந்ததென்று குறைவதில்லை. ஆகையாற் கட்டணப் போரில் வெல்வோர் திறமையாற் சிறந்தவரல்லர். நெடுங்காலம் இழக்க வல்லவரே.

அரசாங்கத்தின் பங்கு

இவ்வாறான போரில் அரசாங்கம் நடுநிலை வகித்திருப்பின் விளைவு ஒருகால் வேறாயிருத்தல் கூடும். நடுநிலை வகிக்கவில்லை என்பதே வரலாறு. அஞ்சல் ஒப்பந்தத்தின் வாயிலாக அரசாங்கப் பணம் ஏற்கெனவே ஒரு பக்கத்தாருக்குச் சென்றுகொண்டிருந்தது. அதற்குமேற் சுங்கப் பகுதியினரும், பிரயாணிகளைச் சோதிக்கும் வைத்திய அதிகாரிகளும், துறைமுக அதிகாரிகளும் சுதேசிக் கப்பல்களுக்குப் பலவகையில் இடையூறு விளைத்தனர் என்னும் முறைப்பாடுகள் எழுந்தன. குறித்த நேரத்திற் புறப்படுதலே பயணக் கப்பலின் உயிர்நாடியாதலின், சில மணி நேரத் தாமதமும் பிரயாணிகளை மறுபக்கம் ஈர்க்கப் போதியது. உதவிக் கலெக்டராயிருந்த ஆஷ் என்பவரின் பெயர் இம்முறைப்பாடுகளில் அடிக்கடி பேசப்பட்டது.

1908 ஆம் ஆண்டு பெப்புருவரி 27 ஆம் திகதி ஹார்வி நிறுவனத்தின் கோரல் நூலாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். கூலி உயர்வும் வார ஓய்வும் கேட்டு நடந்த அவ்வேலைநிறுத்தம் வெற்றியில் முடிந்தது. கப்பலில் எதிர்த்தவரே ஆலையிலும் எதிர்த்தமையால் நகரின் ஐரோப்பிய வணிகர் கலங்கினர். கலெக்டர் விஞ்ச் நடவடிக்கை எடுத்தார். மார்ச் 12 ஆம் திகதி சிதம்பரம்பிள்ளையும் சிவாவும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஜூலை 7 ஆம் திகதி நீதிபதி பின்ஹே, இராசத்துரோகக் குற்றத்திற்காக ஒன்றும், சிவாவுக்கு உடந்தையாயிருந்த குற்றத்திற்காக ஒன்றுமாக இரண்டு ஆயுட்காலத் தண்டனைகளை விதித்தார். மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதனை ஆறாண்டாகக் குறைத்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்த செய்தி தமிழ் மக்கள் அனைவரும் அறிந்ததே. 1912 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் திகதி அவர் விடுதலை பெற்றபோது, ஓட்டுவதற்குக் கப்பலும் இருக்கவில்லை, கம்பனியும் இருக்கவில்லை. 1911 ஆம் ஆண்டிலே கம்பனி கலைக்கப்பட்டுக் கப்பல்கள் விற்கப்பட்டிருந்தன.

வீழ்ச்சியின் காரணங்கள்

சுதேசிக் கம்பனியின் வீழ்ச்சிக்குப் பகைவரின் சூழ்ச்சி மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. வரலாற்றாசிரியன் இரு பக்கத்தையும் நோக்குதல் கடன். முதலாவதாக, திரட்டிய முதலின் பெரும்பகுதி இரு கப்பல்களை வாங்குவதிலே செலவாயிற்று. நட்டத்தைத் தாங்குவதற்கான சேமநிதி போதியதாக இருக்கவில்லை. இரண்டாவதாக, நிருவாகிகளிடையே ஒற்றுமை குலைந்தது. வணிகத்தையும் அரசியலையும் பிரித்து நடத்தல் வேண்டும் என ஒரு சாரார் கருதினர். சிதம்பரம்பிள்ளையின் மேடைப் பேச்சுக்கள் கம்பனிக்கு ஆபத்தை விளைக்கும் என அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆனால் அரசியல் உணர்ச்சியே பிரயாணிகளைச் சுதேசிக் கப்பலுக்கு இழுத்துவந்த ஆற்றல் என்பதை அவர்கள் மறந்தனர். அரசியலை விட்டாற் பிரயாணிகள் இல்லை. விடாவிடின் அரசாங்கம் பொறாது. இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட கம்பனிக்கு மூன்றாவது வழி தோன்றவில்லை. மூன்றாவதாக, முயற்சி முழுவதும் ஒருவரையே ஊன்றுகோலாகக் கொண்டிருந்தது. அவர் சிறை புகுந்தபின் பங்காளிகளின் ஊக்கம் தளர்ந்தது.

இக்குறைகளை ஒப்புக்கொள்ளும்போதே மற்றோர் உண்மையையும் கூறுதல் வேண்டும். பிழைகள் இல்லாத புதுக் கம்பனி உலகில் இல்லை. நியாயமான போட்டியிற் பிழை செய்தவர் நட்டமடைந்து, திருந்தி, மீண்டும் எழுவதற்குக் காலம் கிடைக்கும். கட்டணப் போரின் நோக்கமே அக்காலத்தை மறுப்பதாகும். சிட்டகாங் வணிகர்கள் 1905 ஆம் ஆண்டில் இரங்கூன் வழியிலே தொடங்கிய வங்காள நீராவிக் கப்பற் கம்பனியும் அதே எதிரியோடு பொருது சில ஆண்டுகளில் மறைந்தது. அங்கு சிதம்பரம்பிள்ளையும் இல்லை. மேடைப் பேச்சும் இல்லை. ஆகவே அரசியல் கலவாதிருந்தாற் கம்பனி பிழைத்திருக்கும் என்னும் வாதம் வலியற்றதாகின்றது.

பின் நிகழ்ந்தவை

தூத்துக்குடியில் தோற்ற முயற்சி பம்பாயில் மீண்டும் எழுந்தது. 1919 ஆம் ஆண்டில் வால்சந்த் ஹிராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலியோர் சிந்தியா கப்பற் கம்பனியை நிறுவினர். அவர்களின் முதற் கப்பலாகிய 'லோயல்ரி' அவ்வாண்டு ஏப்பிரில் 5 ஆம் திகதி பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. 1893 ஆம் ஆண்டிற் சுவாமி விவேகானந்தரை யப்பானிலிருந்து கனடாவுக்கு ஏற்றிச் சென்ற 'எம்பிரஸ் ஒவ் இந்தியா'வே பெயர் மாறி அக்கப்பலாயிற்று என்பது மகிழ்ச்சி தரும் செய்தியாகும். பிரித்தானிய இந்தியக் கம்பனி முன்போலவே கட்டணத்தைக் குறைத்துத் தாக்கியது. அதன் தலைவர் இஞ்ச்கேப் பிரபு சிந்தியாவை விலைக்கு வாங்கவும் முயன்றார். பெருமுதலும் பெருவணிகரின் துணையும் உடைமையாற் சிந்தியா தாங்கி நின்றது. எனினும் 1923 ஆம் ஆண்டிலே தன் கப்பல்களின் அளவையும் வழித்தடங்களையும் பத்தாண்டுக்கு வரையறுக்கும் உடன்படிக்கையில் ஒப்பமிட நேர்ந்தது. உயிர் பிழைத்தது, ஆனால் வளர்ச்சி தடைப்பட்டது. கரையோரக் கப்பல் வணிகத்தை இந்தியருக்கே உரியதாக்கும் மசோதா ஒன்றை எஸ். என். ஹாஜி 1928 ஆம் ஆண்டிற் சட்டசபையிற் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

அமெரிக்காவில் சட்டத்தின் போக்கு வேறாயிருந்தது. மொகல் வழக்கின் இறுதித் தீர்ப்புக்கு ஓராண்டுக்கு முன்னரே, 1890 ஆம் ஆண்டில், ஏகபோகத்துக்கு எதிரான ஷேர்மன் சட்டம் அங்கு நிறைவேறியது. புகையிரதக் கம்பனிகளிடம் இரகசியக் கழிவு பெற்றுச் சிறு எண்ணெய் வணிகரை விழுங்கி வளர்ந்த ஸ்ரான்டேட் ஒயில் கம்பனியை 1911 ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் 34 கம்பனிகளாகக் கலைத்தது. ஒரே ஆண்டிற் கடலின் ஒரு கரையிலே ஏகபோகம் கலைக்கப்பட்டது. மறுகரையிலே ஏகபோகத்தை எதிர்த்த சிறு கம்பனி கலைந்தது. 1916 ஆம் ஆண்டின் கப்பற் சட்டத்தால் அமெரிக்கா, பிற்போடப்பட்ட கழிவையும், போட்டியாளனைத் துரத்துவதற்கென்றே குறைந்த கட்டணத்தில் ஓட்டும் போர்க் கப்பல்களையும் விலக்கியது. இங்கிலாந்திலோ 1906 ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு 1909 ஆம் ஆண்டிற் சமர்ப்பித்த அறிக்கையிலே பெரும்பான்மையோர் அக்கழிவு முறையை ஒழிக்குமாறு கூறவில்லை. ஒரே செயல் ஒரு நாட்டிற் குற்றமாகவும் மற்றொரு நாட்டில் வணிகத் திறமையாகவும் மதிக்கப்பட்டமை சிந்திக்கத்தக்கது.

இந்தியா விடுதலை பெற்றபின் 1949 ஆம் ஆண்டில், அப்போது மகாதேசாதிபதியாயிருந்த இராஜாஜி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 'வ. உ. சிதம்பரம்' என்னும் பெயர் பூண்ட கப்பலைத் தொடங்கிவைத்தார். 1936 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆம் திகதி வறுமையிலே மறைந்த சிதம்பரம்பிள்ளை அதனைக் காணவில்லை. 2011 ஆம் ஆண்டில் தூத்துக்குடித் துறைமுகமே அவர் பெயரைப் பெற்றது. ஆதிக்கம் செலுத்திய பிரித்தானிய இந்தியக் கம்பனியின் பெயரோ 1970 களிற் கடலினின்று மறைந்தது. 2002 ஆம் ஆண்டின் இந்தியப் போட்டிச் சட்டம், ஆதிக்க நிலையிலுள்ள நிறுவனம் போட்டியாளரை ஒழிக்கும் நோக்குடன் அடக்கவிலைக்குக் கீழ் விற்பதைக் குற்றமாக்கியது. எஷர் பிரபுவின் மாறுபட்ட கருத்து நூற்றாண்டு கடந்து வேறொரு நாட்டிலே உயிர் பெற்றது எனலாம்.

முடிவுரை

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் மிகையாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் வாணிகம் செய்தனர் எனப் பட்டினப்பாலை போற்றுகின்றது. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வணிகர்க்கு வணிகமெனக் கூறிற்று திருக்குறள். அந்நூலின் அறத்துப்பாலுக்கு உரை வகுத்தவருள் சிதம்பரம்பிள்ளையும் ஒருவர். மிகையாகக் கொள்ளுதல் தவறு என்பதை எவரும் எளிதில் உணர்வர். பின்னர் மிகையாகக் கொள்ளும்பொருட்டு இன்று குறைவாகக் கொள்ளுதலும் தவறே என்பதை உணர்தல் அரிது. ஏனெனில் அது நன்மையின் வேடம் பூண்டு வருகின்றது. இலவசப் பயணத்தையும் இலவசக் குடையையும் பெற்றவர் தாம் பெற்றதைக் கண்டனர், இழந்ததைக் காணவில்லை.

சிறு வணிகத்தை ஒழிக்கும் ஆற்றல் பெருநிறுவனத்தின் கையிற் பலவகையாக அமையும். நட்டத்தைத் தாங்கும் முதல், பொருள் வழங்குவோரைக் கட்டுப்படுத்தும் செல்வாக்கு, வாடிக்கையாளரைப் பிணிக்கும் கழிவு, அரசாங்கத்தின் நட்பு என்னும் நான்கும் தூத்துக்குடியில் ஒருங்கே தொழிற்பட்டன. அவற்றை எதிர்த்து நின்றது மக்களின் உறுதி ஒன்றே. அவ்வுறுதி வீண்போனதன்று, ஆயினும் அது தனித்து நின்று வெல்லவில்லை. உறுதியோடு போதிய முதலும், முதலோடு ஒற்றுமையும், இவற்றைக் காக்கும் நீதியான சட்டமும் சேர்ந்தபோதே சிறியோரின் முயற்சி நிலைபெறும் என்பதே சுதேசிக் கப்பற் கம்பனியின் வரலாறு பின்வந்தோர்க்கு உணர்த்தும் உண்மையாகும்.